ராமானுஜனுக்கு வந்தது என்ன காய்ச்சல்?

பீச்சில் இருந்து வர்ற லோக்கல் ட்ரெயின் குரோம்பேட்டை தாண்டினதும் ஒரு ஸ்டேஷன் வரும். தாம்பரம் சானடோரியம். மெப்ஸ் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போறவங்க அங்க மொத்தமா இறங்குவாங்க, நமக்கு உட்கார இடம் கிடைக்கும். எனக்கு அந்த ஸ்டேஷனோட உறவு அவ்வளவுதான். சானடோரியம்னா என்ன அர்த்தம்னு மூணு வருஷத்துல ஒரு நாளும் யோசிச்சதில்லை.

போன வருஷம் என் ரூம்மேட்டுக்குக் கழுத்துல ஒரு கட்டி வந்துச்சு. வலி இல்ல. சும்மா நெறி கட்டியிருக்குன்னு விட்டுட்டோம். சாயங்காலம் ஆனா லேசா உடம்பு சுடும், பேண்ட் லூசாகிட்டே போச்சு. மெஸ் சாப்பாட்டு மேல பழியைப் போட்டோம். கடைசியில ஊசி குத்தி உறிஞ்சி டெஸ்ட் பண்ணினப்போ டிபின்னு ரிசல்ட் வந்துச்சு. அவனுக்கு ஒரு இருமல்கூடக் கிடையாது. நுரையீரல் எக்ஸ்ரே சுத்தமா இருந்துச்சு. இருமாதவனுக்கு டிபி எப்படி வரும்னு தேட ஆரம்பிச்சேன். அந்தத் தேடல் என்னைக் கொண்டு போய் நிறுத்தின இடம், நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒரு ஆள்: சீனிவாச ராமானுஜன்.

1729 கதை எல்லாருக்கும் தெரியும். ஹார்டி டாக்ஸியில வந்தார், நம்பர் சாதாரணமா இருக்குன்னு சொன்னார், ராமானுஜன் படுத்த படுக்கையிலேயே அதோட சிறப்பைச் சொன்னார். ஒவ்வொரு டிசம்பர் 22க்கும் செமினார் ஹாலில் இந்தக் கதை ஒரு தடவையாவது ஓடும். ஆனா அவர் ஏன் படுத்த படுக்கையா இருந்தார்னு யாரும் கேட்கிறதில்லை. அதனால இந்தக் கட்டுரையில் கணிதம் கொஞ்சம்தான். அவரோட உடம்பு பட்ட பாடுதான் விஷயம்.

ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா சீனிவாச ஐயங்கார் ஜவுளிக்கடையில் கணக்கர். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பாடுவார். இரண்டு வயதில் ராமானுஜனுக்குப் பெரியம்மை வந்தது. அதில் பிழைத்தார். அவருக்கு அடுத்துப் பிறந்த மூன்று குழந்தைகளும் ஒரு வயதுகூட நிரம்பாமல் இறந்து போனார்கள். அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் குழந்தை தங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலேயே தெரியும்.

பள்ளியில் முதல் மாணவர். 1903ல் கார் என்பவர் தொகுத்த கணிதத் தேற்றப் புத்தகம் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு வேறு எந்தப் பாடமும் தலையில் ஏறவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் போனது. 1906ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கடுமையான சீதபேதி வந்து, படிப்பை நிறுத்திவிட்டுக் கும்பகோணத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் எஃப்.ஏ. பரீட்சை எழுதி மறுபடியும் ஃபெயில். அரியர் வைத்திருக்கிற நண்பர்கள் இந்த இடத்தில் ஆறுதல் அடையலாம். ஆனா அந்தச் சீதபேதியை மட்டும் ஞாபகத்தில் வச்சுக்கோங்க, பின்னால தேவைப்படும்.

1909ல் ஜானகியோடு கல்யாணம். ஜானகிக்கு அப்போது பத்து வயது. 1910ல் ராமானுஜனுக்கு விரைவீக்கத்துக்கு ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. குடும்பத்தில் காசு இல்லை. ஒரு டாக்டர் இலவசமாகச் செய்து கொடுத்தார். இதையும் ஞாபகத்தில் வச்சுக்கோங்க.

அதற்குப் பிறகு வேலை தேடி அலைந்த கதை. நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதாமாதம் பண உதவி செய்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய் சம்பளத்தில் கிளார்க் வேலை. 1913 ஜனவரி 16ல் ஹார்டிக்குக் கடிதம். 1914 மார்ச் 17ல் நெவாசா என்ற கப்பலில் இங்கிலாந்துக்குப் பயணம்.

அந்தக் கப்பலில் இன்னொரு தமிழர் இருந்தார். டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து. இங்கிலாந்தில் மருத்துவம் பார்த்த காசநோய் நிபுணர். இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில், வெல்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில், மெண்டிப் மலையில் சொந்தமாக ஒரு சானடோரியம் நடத்தி வந்தார். கணக்குப் படிக்கப் போகிற இருபத்தாறு வயதுப் பையனும் இந்த டாக்டரும் ஒரே கப்பலில் போனார்கள். மூன்று வருடம் கழித்து அதே மலையில் நோயாளியும் மருத்துவருமாகச் சந்திக்கப் போகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

கேம்பிரிட்ஜ் வாழ்க்கை கணிதத்துக்கு நல்லது, உடம்புக்கு ஆகாது. சில மாதங்களிலேயே முதல் உலகப்போர் வந்துவிட்டது. ராமானுஜன் சுத்த சைவம். டிரினிட்டி கல்லூரி மெஸ்ஸில் சாப்பிட மாட்டார், அறையிலேயே தானே சமைத்துக்கொள்வார். போரில் காய்கறிக்கும் பழத்துக்கும் தட்டுப்பாடு. வேலையில் மூழ்கிவிட்டால் சமையலும் இல்லை, தூக்கமும் இல்லை. குளிரைச் சமாளிக்கத் தெரியவில்லை. அங்கே படித்துக்கொண்டிருந்த மகலானோபிஸ் (பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர்) ஒரு நாள் அறைக்கு வந்தபோது, கட்டிலில் கம்பளிகளைப் பிரிக்காமல், அவற்றின் மேலேயே ஓவர்கோட்டோடு ராமானுஜன் படுத்து வந்தது தெரிந்தது. கம்பளிக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சிரிப்பா இருக்கு, ஆனா ஹாஸ்டலில் முதல் வாரம் நாம பண்ணின கூத்தும் இப்படித்தானே. ஊரில் இருந்து ஜானகி எழுதிய கடிதங்கள் அவருக்கு வந்து சேரவில்லை. அம்மா தடுத்து வைத்திருந்தார்.

1917 வசந்த காலத்தில் உடம்பு விழுந்தது. காய்ச்சல், வயிற்று வலி, எடைக் குறைவு. ராத்திரியானால் காய்ச்சல் ஏறும், பிறகு இறங்கும். முதலில் வயிற்றுப்புண் என்றார்கள். பிறகு காசநோய் என்றார்கள். லண்டனில் பேட்டி ஷா என்ற நிபுணர், ராமானுஜனுக்குப் பழைய ஆபரேஷன் ஒன்று நடந்திருப்பதைக் கண்டுபிடித்து, அங்கே இருந்தது புற்றுநோயாக இருக்கும், அது கல்லீரலுக்குப் பரவியிருக்கும் என்று சந்தேகப்பட்டார். 1910ன் விரைவீக்க ஆபரேஷன்தான் அது. புற்றுநோயாக இருந்தால் சீக்கிரமே மோசமாகியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. அதனால் மறுபடியும் காசநோய்க்கே திரும்பினார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று, அந்த டாக்டர்கள் ஏன் இப்படித் தடுமாறினார்கள் என்று பார்க்கணும். அவர்கள் முட்டாள்கள் இல்லை.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882லேயே கண்டுபிடித்துவிட்டார். நுரையீரலில் நோய் இருந்தால் சளியை எடுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிடலாம். ஆனால் இந்தக் கிருமி நுரையீரலோடு நிற்பதில்லை. மூச்சு வழியாக உள்ளே வந்ததும் ரத்தத்திலும் நிணநீரிலும் ஏறி உடம்பில் எங்கே வேண்டுமானாலும் போய் இறங்கும். கழுத்து நெறி, நுரையீரலைச் சுற்றிய உறை, முதுகெலும்பு, மூளையைப் போர்த்திய சவ்வு, குடல், சிறுநீரகம், அபூர்வமாகக் கல்லீரல். நகமும் முடியும் தவிர எங்கேயும் வரும் என்று மருத்துவர்கள் சொல்வது உண்டு. போய் இறங்கிய இடத்தில் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். உடம்பின் எதிர்ப்பு சக்தி தளரும்போது எழுந்திருக்கும்.

அப்படி வெளியே போய் உட்கார்ந்த கிருமியைப் பிடிப்பது கஷ்டம். எண்ணிக்கை குறைவு, சளியில் வராது, இருமல் இருக்காது. முதுகுத்தண்டில் வந்தால் வெறும் முதுகுவலி மாதிரி இருக்கும். குடலில் வந்தால் அல்சர் மாதிரி இருக்கும். பெரும்பாலும் இது மற்றவர்களுக்குத் தொற்றாது, அது ஒன்றுதான் நல்ல செய்தி. இன்றைக்கும் இந்தியாவில் காசநோய் வருபவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இப்படி நுரையீரலுக்கு வெளியே வருகிறது. 1917ல் அல்ட்ராசவுண்ட் இல்லை, சி.டி. ஸ்கேன் இல்லை. எக்ஸ்ரே இருந்தது, ஆனால் கல்லீரலுக்குள் என்ன இருக்கிறது என்று அதில் தெரியாது. விட்டு விட்டு வருகிற காய்ச்சல், இளைப்பு, காரணம் தெரியாத வலி, ஆள் இந்தியாவில் இருந்து வந்தவர். இதெல்லாம் சேர்ந்தால் காசநோய் என்ற பெட்டியில் போட்டு மூடுவதுதான் அன்றைய வழக்கம். அந்தப் பெட்டியில் போட்டால் சிகிச்சை என்று ஒன்றே ஒன்றுதான்: சானடோரியம்.

அப்படித்தான் 1917 இலையுதிர் காலத்தில் ராமானுஜன் மெண்டிப் மலைக்குப் போனார், கப்பல் டாக்டர் சௌரி முத்துவிடம். சானடோரியம் என்றால் சுத்தமான காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு. காசநோயைக் கொல்கிற மருந்து உலகத்திலேயே இல்லாத காலம் அது. ஜன்னல்களைத் திறந்தே வைத்திருப்பார்கள், குளிர்காலத்திலும். கும்பகோணத்து வெயிலில் வளர்ந்த உடம்புக்கு இது எப்படி இருந்திருக்கும்! அதோடு சத்தான சாப்பாடு என்று அவர்கள் நினைத்ததில் பாதியை ராமானுஜன் தொடவே மாட்டார். சில வாரங்களில் அங்கிருந்து கிளம்பி டெர்பிஷயரில் மேட்லாக் என்ற ஊரில் இருந்த இன்னொரு சானடோரியத்துக்குப் போனார். அங்கேயும் அதே குளிர், அதே சாப்பாட்டுச் சண்டை.

மேட்லாக்கில் அவரைப் பார்க்க வந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ஏ.எஸ்.ராமலிங்கம். இங்கிலாந்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தமிழ் இன்ஜினியர், நம்ம ஆளு. 1918 ஜூனில் வந்து சில நாள் கூடவே இருந்துவிட்டு, நேராக ஹார்டிக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். என்ன சாப்பிடுகிறார், என்ன சாப்பிடுவதில்லை, எடை எவ்வளவு, காய்ச்சல் எப்படி என்று ஏறக்குறைய ஒரு இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட். மேதை என்ற பிரமிப்பு இல்லாமல், நம்ம ஊர்ப் பையன் பட்டினி கிடக்கிறானே என்ற கவலையோடு பார்த்த ஆள் அவர்.

1918 தொடக்கத்தில் ஒரு கெட்ட நாள் வந்தது. லண்டன் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் ராமானுஜன் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். ரயில் சரியான நேரத்தில் நிறுத்தப்பட்டதால் பிழைத்தார். அன்றைய சட்டப்படி அது குற்றம். போலீஸ் பிடித்தது. ஹார்டி ஓடி வந்து, இவர் ராயல் சொசைட்டி ஃபெல்லோ என்று சொல்லி மீட்டார். அப்போது அவர் இன்னும் ஃபெல்லோ ஆகவில்லை! மே 2ல்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவும் ஆனார். இந்தக் கௌரவங்கள் வந்த மாதங்களில் உடம்பும் கொஞ்சம் தேறியது. புட்னி, டாக்ஸி, 1729 எல்லாம் இந்தக் காலத்து விஷயங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் வருடத்துக்கு 250 பவுன் தருவதாகச் சொன்னபோது, தன் தேவைக்கு அது அதிகம், மிச்சத்தை ஏழை மாணவர்கள் படிக்கக் கொடுங்கள் என்று 1919 ஜனவரியில் எழுதினார்.

1919 பிப்ரவரி 27ல் கப்பல் ஏறி, ஒரு மாதத்தில் பம்பாயில் இறங்கினார். ஊருக்குப் போனால், வெயிலும் வீட்டுச் சாப்பாடும் கிடைத்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆகவில்லை. சென்னை, கொடுமுடி, கும்பகோணம், மறுபடியும் சென்னை என்று வீடு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். சென்னையின் காசநோய் நிபுணர் டாக்டர் சந்திரசேகர ஐயர் பார்த்தார். அவர் சொன்னதும் காசநோய்தான். ஜானகி துணியை வெந்நீரில் நனைத்து ஒத்தடம் கொடுப்பார். வலி குறைந்த நேரத்தில் காகிதம் கேட்டு வாங்கி எழுதுவார். 1920 ஜனவரி 12ல் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் இருந்தவை மாக் தீட்டா சார்புகள். இன்றைக்குக் கருந்துளை ஆராய்ச்சி செய்பவர்கள் வரை அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றை எழுதிய ஆள் எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தார்.

1920 ஏப்ரல் 26, சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32. கடல் தாண்டிப் போனவர் என்பதால் சொந்தக்காரர்களில் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. ஜானகி அதற்குப் பிறகு 74 வருடம் வாழ்ந்தார், பெரும்பகுதி திருவல்லிக்கேணியில், தையல் வேலை பார்த்து.

1994ல், ஜானகி இறந்த அதே வருடம், டி.ஏ.பி. யங் என்பவர் பழைய கடிதங்களையும் குறிப்புகளையும் வைத்து ராமானுஜனின் நோயை மறுபடி ஆராய்ந்தார். அவர் வந்த முடிவு: காசநோய் இல்லை. கல்லீரல் அமீபா நோய். சீதபேதி உண்டாக்குகிற அமீபா குடலில் பல வருடம் பதுங்கி இருந்துவிட்டு, ரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி உண்டாக்கும். விட்டு விட்டுக் காய்ச்சல், வலி, இளைப்பு. ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே, பச்சையப்பன் கல்லூரிச் சீதபேதி, அதுதான்.

இதில் நெஞ்சைப் பிசைகிற விஷயம் ஒன்று இருக்கிறது. காசநோய்க்குத்தான் அன்று மருந்து கிடையாது. அமீபாவுக்கு இருந்தது. கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் 1912லேயே எமிடின் ஊசி வேலை செய்வதைக் காட்டிவிட்டார். வெப்பநாட்டு நோய்களுக்கென்றே லண்டனில் ஒரு மருத்துவப் பள்ளியும் இருந்தது. யங் சொல்வது சரியென்றால், ராமானுஜனுக்குத் தேவைப்பட்ட ஊசி அவர் கப்பல் ஏறுவதற்கு முன்பே உலகத்தில் இருந்தது. தப்பான பெயர் எழுதிய பெட்டிக்குள் அவரைப் போட்டு மூடியதால் அது அவரிடம் வந்து சேரவில்லை.

யங் சொல்வதும் ஒரு யூகம்தான். உடலை யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. காசநோய் என்று வைத்துக்கொண்டாலும், வயிற்று வலியும் இவ்வளவு குழப்பமும் கொடுத்தது நுரையீரலுக்கு வெளியே பரவிய வகையாகத்தான் இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. எப்படிப் பார்த்தாலும் அன்று கண்டுபிடிக்க வழி இல்லாமல் போன இடம் ஒன்றுதான்: கிருமி நுரையீரலில் இல்லாதபோது அதை எங்கே போய்த் தேடுவது?

இனி நம்ம ஏரியாவுக்கு வருவோம். சௌரி முத்து பிற்காலத்தில் இந்தியா திரும்பி, 1928ல் தாம்பரத்தில், பச்சைமலை அடிவாரத்தில் 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. இன்றைக்கு அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ஸ்டேஷனுக்குப் பெயர் வந்த கதை இதுதான். 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளை மற்ற இடங்களில் ஒதுக்கியபோது சேர்த்துக்கொண்டு வைத்தியம் பார்த்ததும் இந்த மருத்துவமனைதான். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் காசநோய் நுரையீரலைத் தாண்டிப் பரவுவது அதிகம், அந்த அனுபவம் இங்கே நிறைய.

மருந்து வந்தது 1940களில்தான். முதலில் ஸ்ட்ரெப்டோமைசின், 1952ல் ஐசோநியாசிட், பிறகு ரிஃபாம்பிசின். 1956ல் சென்னையில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு சானடோரியத்தில், பாதிப் பேருக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்கள், நெருக்கடியான வீடுகளில் சுமாரான சாப்பாட்டோடு இருந்தும், ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். 1959ல் வெளிவந்த இந்த முடிவு உலகம் முழுக்க சானடோரியங்களின் காலத்தை முடித்து வைத்தது. வேலை செய்வது மலைக்காற்று இல்லை, மாத்திரை. பிறகு இதே மையம் முதுகெலும்புக் காசநோய், குழந்தைகளின் நெறிக்கட்டி, வயிற்றுக் காசநோய் என்று நுரையீரலுக்கு வெளியே உள்ளவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தது. முதுகெலும்புக் காசநோய்க்கு வருடக்கணக்கில் படுக்கையில் கிடத்துவது, ஆபரேஷன் என்று இருந்த நிலையில், பெரும்பாலானவர்கள் மாத்திரையிலேயே நடமாடிக்கொண்டு குணமாகலாம் என்று காட்டியது. வயிற்றுக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை பன்னிரண்டு மாதத்துக்கு ஈடு என்று காட்டியது.

அந்த மையம் இருக்கிற இடம் சேத்துப்பட்டு. ராமானுஜன் கண்ணை மூடிய அதே சேத்துப்பட்டு.

என் ரூம்மேட்டுக்கு எடுத்த சாம்பிளை ஜீன் டெஸ்டில் போட்டார்கள். கிருமியின் டி.என்.ஏ. இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்கு அது அடங்குமா என்று இரண்டும் சில மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. ராமானுஜனுக்கு மூன்று வருடத்தில் தெரியாதது. முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் மூணு மருந்து, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், சாப்பாட்டுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அக்கவுண்டில். மூளையிலோ எலும்பிலோ வந்திருந்தால் ஒரு வருடம் வரை போகும் என்றார்கள். மாத்திரை ஆரம்பிச்ச முதல் நாள் யூரின் ஆரஞ்சு கலர்ல போனதைப் பார்த்துட்டு அலறிக்கிட்டு என்னை எழுப்பினான். ரிஃபாம்பிசின் பண்ற வேலை அது, பயப்பட ஒண்ணுமில்லை. இரண்டாவது மாசத்துல கட்டி கொஞ்சம் பெருசான மாதிரி தெரிஞ்சப்போ மாத்திரையை நிறுத்திடலாமான்னு கேட்டான். டாக்டர் விடலை. மருந்து வேலை செய்யும்போது நெறி சில சமயம் அப்படி வீங்கும்னு சொல்லி அனுப்பினார்.

இப்போ ஆறாவது மாசம் ஓடுது. கட்டி கரைஞ்சாச்சு, எடை ஏறியாச்சு, பெல்ட்டுல பழைய ஓட்டைக்கே வந்துட்டான். நேத்து காலையில ட்ரெயின் சானடோரியம் ஸ்டேஷனில் நின்னப்போ, இதைக் கட்டினவர்தான் ராமானுஜனுக்கு வைத்தியம் பார்த்தவர்னு அவன்கிட்ட சொன்னேன். மேத்ஸ் அரியர் பரீட்சைக்குப் போற வழியில் ராமானுஜன் பேரை எடுக்காதேன்னு சொல்லிட்டு, ஜன்னல் சீட் காலியானதும் போய் உட்கார்ந்துட்டான்.